சிவப்பு விளக்கு எரிந்த எட்டு மாதம்

அலுவலகத்தில் தம்பி மாதிரி பழகும் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, உங்க மாடல் வண்டியே செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது. முன்னாடி சொன்னதுக்கு இப்போ நாப்பதாயிரம் குறைச்சிருக்காங்க. எடுக்கலாமா?" மைலேஜ், டிக்கி, பின் சீட்டு எல்லாம் அவருக்கே அத்துப்படி. ஒரு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்போதுதான் மீட்டர் போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியோடு எரியுமே, அந்தச் சிவப்பு விளக்கு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வரியில் முடியாது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014 மாடல், பெட்ரோல், 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு நாளும் நடு ரோட்டில் நிறுத்தியதில்லை. கிளட்ச் ஒரு தடவை, பேட்டரி மூன்று தடவை மாற்றினேன். நாமக்கல் வெயிலில் ஏசி போட்டால் கால் மணி நேரத்தில் பிள்ளைகள் போர்வை கேட்கிறார்கள். இதற்கு மேல் ஒரு சின்ன வண்டியிடம் என்ன எதிர்பார்ப்பது?

விளக்கு முதலில் ஒரு திருப்பத்தில் மினுக்கியது. அடுத்த வாரம் பாலத்து இறக்கத்தில். சமதளத்துக்கு வந்தால் அணைந்துவிடும். இந்த மாடலில் அந்த ஒரே விளக்கு இரண்டு வேலை பார்க்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். எதற்காக எரிகிறது என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். வைப்பருக்கு மட்டும் நாலு வேகம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, இதற்கு இன்னொரு பல்பு வைக்க மனசு வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஹேண்ட் பிரேக் லீவரை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, சுவிட்ச் என்றார்கள். மாற்றினார்கள். அணைந்தது. இருபது நாளில் திரும்ப வந்தது. இந்தத் தடவை, "முன் சக்கரத்து பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு சார், அதனால ஆயில் லெவல் இறங்கியிருக்கு" என்றார்கள். இதில் பொய் இல்லை. பேட் தேயத் தேய அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் போய் நிரப்பும், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையும். புது பேட் போட்டார்கள், விளக்கு அணைந்தது. நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அது ஏன் அணைந்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. புது பேட் தடிமனாக இருக்கும். அதை நுழைக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். தள்ளினால் ஆயில் டப்பாவுக்கே திரும்பும், அளவு தானாக ஏறும், விளக்கை எரிய வைக்கும் மிதவை டப்பாவுக்குள் மேலே வரும், விளக்கு அணையும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்!

ஐந்து வாரத்தில் மறுபடி எரிந்தது. பேட் தேய வருஷக் கணக்கு ஆகும், இது வாரக் கணக்கில் இறங்குகிறதே என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டாட் 4 பிரேக் ஆயில் அரை லிட்டர் வாங்கி நானே ஊற்றினேன். அந்த ஆயில் டப்பாவை வைத்திருக்கும் இடம் இருக்கிறதே, எஞ்சினுக்குப் பின்னால் கண்ணாடிக்குக் கீழே ஒரு பொந்து. பழுப்பேறிய பிளாஸ்டிக்கில் மேல் கோடு எது, கீழ்க் கோடு எது என்று டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் சிந்தியும் விட்டது. பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இந்த விஷயம் தெரிந்திருந்தும், வேறோர் இடத்தில் பெயின்ட் உரிந்திருந்ததைக் கோட்டை விட்டதுதான் வேடிக்கை.

எங்கள் ஊரில் லாரி சம்பந்தம் இல்லாத வீடு குறைவு. ஆகவே ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் லாரியில் இருப்பது காற்றுப் பிரேக். "காத்து இறங்குதா பாரு" என்பதே பாதிப் பேரின் வைத்தியம். ஒருவர், டப்பாவில் மாட்டியிருக்கும் ஒயரைப் பிடுங்கிவிட்டால் விளக்கு ஜென்மத்துக்கும் எரியாது என்றார். பிடுங்கிப் பார்த்தேன். அணைந்தது. அதை அப்படியே விடாமல் திரும்ப மாட்டினேனே, இந்த எட்டு மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஒரு விதத்தில் அதுவே சரியான சோதனையும்கூட. ஒயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தால் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும், கழற்றியும் எரிந்தால் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் பக்கம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டியில் சிவப்போடு மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அது வேறு கதை, என் வண்டியில் அந்த வசதி இல்லை.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போதுதான் விளக்கு நிலையாக எரிந்தது. 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம். ஓரமாக நிறுத்திப் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. கொஞ்சம் அமுங்கியிருந்தாலும் அங்கேயே வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன். இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளி வந்து சேர்ந்தோம். பின் சீட்டில் இருந்து ஒரு சத்தம் வரவில்லை.

மறுநாள் வண்டியை விட்டது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"எத்தனை தடவைங்க ஆயில் ஊத்துனீங்க?"

"மூணு தடவை."

"ஊத்துனது எங்க போச்சுன்னு யாரும் கேக்கலீங்களா?"

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இடது பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ரிம்மின் உள்பக்கம் பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்தது, அதன்மேல் கறுப்பாக ஒரு பிசுக்கு. தார் என்று நினைத்து ஷாம்பூ போட்டு நானே இரண்டு தடவை துடைத்த பிசுக்கு. சுத்தியலால் தட்டி டிரம்மை எடுத்தார். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பினார். உள்ளே தேங்கியிருந்த ஆயில் அவர் விரல் வழியாக வடிந்தது. பிரேக் ஷூ நனைந்து ஊறிக் கிடந்தது. வீட்டு வாசல் சரிவில் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டிருந்தேனே, அதற்கும் காரணம் இதுதான், ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் அதே ஷூவைத்தான்.

சிலிண்டர் இரண்டு பக்கமும், புது ஷூ, ஆயில் மொத்தமும் மாற்றி, குழாயில் புகுந்த ஏர் எடுத்ததற்கு எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். தேவையில்லாத சுவிட்சுக்கும் அவசரமில்லாத பேட்டுக்கும் அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன்.

இது நடந்து நாலு மாதம். விளக்கு எரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு நொடி எரிந்தது, நெஞ்சு அடைத்துவிட்டது. பார்த்தால் ஹேண்ட் பிரேக்கை நான் முழுதாக இறக்கவில்லை.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். பத்து வருஷம் ஓடினால் எந்த வண்டியிலும் ரப்பர் போகும், அது இந்த மாடலின் குற்றமில்லை, விளக்கும் ஆரம்பத்திலிருந்து உண்மையைத்தான் சொன்னது. எல்லாம் புரிகிறது. இருந்தாலும் வேண்டாம். மீறி எடுப்பதாக இருந்தால், பின் சக்கரம் இரண்டையும் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இதைச் சொன்னதும், "அப்போ உங்க வண்டியைக் குடுத்துடுவீங்களாண்ணே?" என்று கேட்டார். அதை எதற்கு நான் கொடுக்க வேண்டும்?