எச்சரிக்கை: பழைய மடக்குக்கத்தியைப் "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்

"துருவை மட்டும் எடுத்துத் தாருங்கள்" என்று சொல்லிக் கொடுத்த ஒரு மடக்குக்கத்தி, முழுக்க பஃப் அடித்து (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி) உருத்தெரியாமல் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்கக் கத்தி நிறுவனமான கேஸின் 6254 டிராப்பர் மாடல், 1974-ல் செய்தது. எலும்புப் பிடி, இரண்டு அலகு. கொடுக்கும்போது இருந்த குறை, அலகில் ஆங்காங்கே சாம்பல் நிறப் படிவும் மூட்டுக்கு அருகில் கொஞ்சம் செந்துருவும்தான். அதற்கு எண்ணெயும் பொறுமையும் போதும். சரிசெய்வதாக வாங்கியவர் செய்ததையெல்லாம் எழுதுகிறோம். இன்னொருவர் இதேபோல இழக்கக் கூடாது.

முதல் இழப்பு முத்திரை. கேஸ் கத்திகளில் அலகின் அடிப்பகுதியில் நிறுவனப் பெயருக்குக் கீழே புள்ளிகள் இருக்கும். 1970-ல் 10 புள்ளிகள். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979-ல் ஒன்று. 1974 கத்திக்கு ஆறு இருக்க வேண்டும். இதில் ஓரத்துப் புள்ளிகள் இரண்டும் பஃப் சக்கரத்தில் தேய்ந்துபோய், நான்குதான் தெரிகிறது. புதிதாகப் பார்ப்பவர் 1976 என்று படிப்பார். விவரம் தெரிந்தவர் லென்ஸில் எழுத்துகளின் விளிம்பைப் பார்ப்பார். கூர்மையாக நிற்க வேண்டிய விளிம்புகள் மழுங்கி வழிந்திருப்பதைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

அடுத்தது அலகு. தொழிற்சாலை மெருகின் நுண்கோடுகள் ஒன்றுகூட இல்லை. நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தின் ஓரம் உருண்டுவிட்டது. இதைவிட மோசம் சூடு. கத்தியின் முனை மெல்லியது, சக்கரத்தில் சட்டென்று சூடேறும். கார்பன் எஃகு ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை நெருங்கினால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த சுற்று பாலிஷில் அந்த நீலமும் அழிந்துவிடும் என்பதால், கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. சாணை பிடித்தும் முனையருகே மட்டும் கூர் நிற்கவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பிடியில் விரலை ஓட்டிப் பார்த்தால் மிச்சமும் தெரியும். எலும்பு மென்மையானது, பிடியின் முனைகளில் இருக்கும் போல்ஸ்டர் உலோகம். சக்கரம் இரண்டையும் ஒரே அளவு தேய்க்காது. எலும்பு பள்ளமாகி, ஆணித் தலைகள் மேலே துருத்தி நிற்கின்றன. எலும்பில் செதுக்கிய மேடுகள் தட்டையாகி, சாயம் போய் வெள்ளை தெரிகிறது, ஏனென்றால் சாயம் எலும்பின் மேல்பரப்பில்தான் ஊறியிருக்கும்.

இத்தோடு விடவில்லை. போல்ஸ்டரில் மூட்டு ஆணி இருக்கும் இடத்தில் மெல்லிய வட்டம் ஒன்று தெரிகிறது. தொழிற்சாலையில் அந்த ஆணியை உலோகத்தோடு உலோகமாக இழைத்து மறைத்திருப்பார்கள். வட்டம் தெரிந்தால் கத்தியைப் பிரித்திருக்கிறார்கள் என்றே சந்தேகிக்க வேண்டும். பிரித்ததற்குக் காரணம் இரண்டாவது அலகு: அதை வேறு கத்தியிலிருந்து எடுத்து மாற்றியிருக்கிறார்கள். பழைய அலகு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இதை எங்களால் மன்னிக்கவே முடியவில்லை.

கை வைக்கலாமா, அப்படியே விடலாமா என்று முடிவெடுக்க ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அலகைத் துடையுங்கள். செம்பழுப்பாகத் துணியில் ஒட்டினால் துரு இன்னும் அரிக்கிறது, அதை நிறுத்தத்தான் வேண்டும். கறுப்போ சாம்பலோ அசையாமல் நின்றால் அது எஃகைக் காக்கும் படிவு. அதைத் தொடாதீர்கள்.

செந்துருவுக்கு: மூட்டில் மினரல் ஆயில் ஒரே சொட்டு, ஓர் இரவு ஊறட்டும். மூங்கில் குச்சியால் அழுக்கை வழித்தெடுங்கள். அலகில் துருப்பிடித்த இடத்தில் மட்டும், எண்ணெயோடு, வெண்கல நாரால் லேசாகத் தேயுங்கள். அது கிடைக்காவிட்டால் 0000 எண் ஸ்டீல் வூல். கறுப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். முத்திரைப் பக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள், உப்புத்தாளை வீட்டிலேயே எடுக்காதீர்கள். வினிகரில் ஊறப்போடுவது துருவோடு நல்ல படிவையும் தின்றுவிடும், மூட்டுக்குள் புகுந்த அமிலம் வெளியே வராது. கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு. தோல் உறையில் போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும்.

செல்லுலாய்ட் (பழைய வகை பிளாஸ்டிக்) பிடி என்றால் தனிப் பெட்டி, காற்றோட்டம். அது சிதையும்போது வெளிவரும் அமில வாயு பக்கத்துக் கத்திகளையும் அரிக்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதைச் சக்கரத்தில் பிடிப்பது ஆபத்தும்கூட.

ஸ்பிரிங் உடைந்தது, அலகு ஆடுவது, ஏற்கெனவே யாரோ தேய்த்துக் கெடுத்தது, தினசரிப் பயன்பாட்டுக்கான சாதாரணக் கத்தி: இவற்றைத் தாராளமாகச் சரிசெய்யலாம். ஆனால் கொடுக்கும் முன் முத்திரையின் இருபுறமும் நெருக்கமாகப் படம் எடுங்கள். அலகின் அகலத்தை அடி, நடு, முனையருகே என மூன்று இடத்தில் வெர்னியர் அளவுகோலால் அளந்து குறியுங்கள். "பஃப் சக்கரம் கூடாது, பிரிப்பதானால் முதலில் கேட்க வேண்டும், கழற்றிய பாகம் எல்லாம் திரும்ப வர வேண்டும்" என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். ஒப்பமிடத் தயங்குபவரிடம் கத்தியை விட்டுவிட்டு வராதீர்கள்.

இந்த 6254-க்கு இனி செய்ய அதிகம் இல்லை. பழைய நிறம் வரட்டும் என்று காபியிலோ கடுகுச் சாந்திலோ ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்தால் அடுத்து வாங்குபவரை நாமே ஏமாற்றியதாகிவிடும். பழைய படங்களைக் கத்தியோடு சேர்த்து வைத்து, விற்க நேர்ந்தால் "பஃப் அடித்தது, ஓர் அலகு மாற்றியது, முத்திரையில் இரண்டு புள்ளிகள் தேய்ந்தது" என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும்.