இ.சி.எம். பழுதைக் கண்டறிதல்: ஸ்கேனர், மாற்றுப் பெட்டி, மல்டிமீட்டர்

நேற்றுவரை ஓடிய கார் இன்று ஸ்டார்ட் ஆகாமல், பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில் யூ0100 என்ற பழுதுக் கோடும் (code) வந்துவிட்டால், "இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இ.சி.எம். போய்விட்டது" என்ற தீர்ப்பு ஒர்க்‌ஷாப்பில் உடனே வந்துவிடுகிறது. அந்தக் கோடு சொல்வதோ, காரின் மற்ற மின்னணுப் பெட்டிகளால் இ.சி.எம்.மோடு பேச முடியவில்லை என்பதை மட்டுமே. பெட்டி கெட்டுவிட்டதா, அதற்கு மின்சாரமே போய்ச் சேரவில்லையா என்பதை அது பிரித்துச் சொல்லாது.

எங்கே தேடத் தொடங்குவது என்று காட்டுவதில் ஸ்கேனருக்கு இணையில்லை. ஆனால் ஒரே சமயத்தில் நான்கைந்து சென்சார்களின் கோடுகள் வந்தால், அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் இணைப்பை ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகி இழுத்துக்கொண்டிருக்கலாம்; ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதைக் கழற்றியதும் வோல்ட் மீள்கிறதோ, அதுவே குற்றவாளி.

வேறொரு காரின் பெட்டியை மாட்டிப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. இம்மொபிலைசர் (சாவி பொருந்தாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள பெரும்பாலான கார்களில் சாவியின் ரகசிய எண் பொருந்தாததால் நல்ல பெட்டியும் இன்ஜினை எழுப்பாது. பழைய பெட்டியை எரித்த ஷார்ட் வயரிங்கில் அப்படியே இருந்தால், புதியதும் எரிந்துபோகும்.

ஆகவே என் முதல் தேர்வு மல்டிமீட்டர்தான், அதிலும் ஓம் (மின்தடை) அளவு அல்ல, வோல்ட் அளவு. பத்து இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய வயரையும் ஓம் அளவு நல்லதென்றே காட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு கம்பியையும், இ.சி.எம். இணைப்பியின் எர்த் பின்னில் மற்றொன்றையும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது வோல்ட்டைப் பார்க்க வேண்டும்; அது 0.1 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். பெட்டியை மாற்றச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு காரில் எனக்கு 0.8 வந்தது. பேட்டரித் தட்டுக்கு அடியிலிருந்த எர்த் போல்ட் கைக்கு இறுக்கமாகவே இருந்தது; கழற்றியபோது வாஷருக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி இணைப்பியின் 6, 14 ஆம் பின்களுக்கிடையே அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் வரும். 120 வந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் (CAN) வயரோ, அதன் ஒரு முனையிலுள்ள மின்தடையோ அறுந்திருக்கிறது. இங்கு மட்டும் ஓம் அளவே சரியானது.

சூடேறிய பிறகே தலைகாட்டும் பெட்டிக்குள்ளிருக்கும் சால்டர் (பற்றவைப்பு) விரிசலை மல்டிமீட்டர் எளிதில் பிடிக்காது. அங்கே ஸ்கேனரை மாட்டியபடியே வண்டியை ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.