கென்யாவில் சிங்கம் படமெடுக்க வன்னியில் காசு கட்டியவர்களுக்கு

வருகிற செப்டெம்பரில் கென்யாவுக்குச் சிங்கம் படமெடுக்கப் போகிறோம் என்று சொல்லி, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மறுபடியும் காசு சேர்க்கிறார்களாம். போன செப்டெம்பரில் அதே ஆளிடம் காசு கட்டிப் போய்வந்த ஏழு பேரில் நானும் ஒருவன். ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

2011இலிருந்து கிளிநொச்சியில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படமெடுத்துத்தான் சீவிக்கிறேன். ஓய்வு கிடைத்தால் சுண்டிக்குளத்துக்குப் போய்விடுவேன். பூநாரைக்காக விடியப்புறத்தில் சேற்றில் குந்திக்கொண்டிருந்து பழகியவன். சிங்கத்தை அதன் காட்டிலேயே ஒருமுறை எடுக்கவேண்டும் என்பது பல வருட ஆசை. மூன்று சீட்டுக் கட்டி ஒன்பதரை இலட்சம் சேர்த்தேன்.

“அண்ணை, உங்கட பெரிய லென்ஸுக்கு அங்க வேலையே இல்லை. பதினைஞ்சு அடியில சிங்கம் நிக்கும்” என்றார் காசு சேர்த்த அந்தத் தம்பி. கைபேசியில் படங்களும் காட்டினார். பிடரிமயிர் ஒவ்வொன்றாய்த் தெரியும் படங்கள். தந்த தாளில் இருந்ததோ இவ்வளவுதான்: மசாய் மாரா, நான்கு நாள், சஃபாரி வாகனம், தங்குமிடம், சாப்பாடு. அந்தத் தாளை ஒழுங்காக வாசித்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். கென்யாவிலிருந்து இலங்கைக்குத் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதைக்கூட அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் தற்செயலாகத் தெரிந்து ஓடிப்போய்ப் போட்டோம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும்.

நைரோபியில் எங்களை ஏற்ற வந்தது ஒரு வான். கூரையை மட்டும் மேலே தூக்கி விடலாம். அந்த ஒரு திறப்புக்குள் ஏழு பேர், ஏழு கமரா. ஒருவர் கால் மாற்றி வைத்தால் மற்ற ஆறு பேரின் படமும் ஆடும். அங்கே நின்று எடுத்தால் சிங்கத்தை உச்சந்தலையிலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். பக்கம் திறந்த லாண்ட் குரூசர் என்றால் இருந்தபடியே, பயற்றங்கொட்டைப் பையில் லென்ஸை வைத்து, அதன் கண்மட்டத்துக்குக் கிட்டவாக எடுக்கலாம். வாகனம் என்ன, ஒன்றுக்கு எத்தனை பேர் என்பதைத் தாளில் எழுதி வாங்காதது என் பிழை.

அதைவிடப் பெரிய விசயம் நுழைவுச்சீட்டு. மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குள் போக வெளிநாட்டவர் ஒருவருக்கு யூலையிலிருந்து டிசெம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டொலர், மற்ற மாதங்களில் 100. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் செல்லும். முதல் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு காப்பகத்தின் செக்கெனானி வாசலுக்குப் போனோம். “இனி நேரமில்லை, நாளைக்கு” என்றார் சாரதி. மூன்றாம் நாள் மசாய்க் கிராமம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஆக, உள்ளே போனது இரண்டே நாள். வாசலில் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான்கு நாளுக்குக் காசு வாங்கி, இரண்டு நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு 400 டொலர். ஏழு பேருக்குக் கணக்குப் பாருங்கள்.

சரி, இனி அந்தப் பதினைந்து அடிக் கதை. மாரா காப்பகத்துக்குள் பாதையை விட்டு வாகனத்தை இறக்கக்கூடாது. விலங்குக்கும் வாகனத்துக்கும் 25 மீற்றராவது இடைவெளி வேண்டும். ஒரு சிங்கக் கூட்டத்தைச் சுற்றி ஐந்து வாகனத்துக்கு மேல் நிற்கக்கூடாது. காப்பகத்தைச் சுற்றி மசாய்க் குடும்பங்கள் தங்கள் காணிகளைச் சேர்த்துக் குத்தகைக்கு விட்ட தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. நபோய்ஷோ, ஒலாரே மொட்டொரொகி, மாரா நோர்த் போன்றவை. அங்கே தங்குகிறவர்களைத்தான் வழிகாட்டிகள் பாதையை விட்டும் கூட்டிப்போகலாம். வாகனமும் குறைவு. எங்களை அதற்குள் ஒரு நாளும் கொண்டுபோகவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு விடுதியில் போட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை. பற்றைக்குள் ஒரு பெண்சிங்கம், மூன்று குட்டிகள். பூனையளவு இருக்கும். குட்டி போட்ட தாய் முதல் சில வாரம் கூட்டத்தை விட்டு விலகி இப்படித்தான் மறைந்திருக்கும். கிட்டப் போகாவிட்டால் ஊரில் முறைப்பாடு வரும் என்று சாரதிக்குப் பயமோ என்னவோ, வானைப் புல்லுக்குள் இறக்கிவிட்டார். தாய் எழுந்தது. இரண்டு காதும் தலையோடு ஒட்டிப் படிந்தன, வால் நுனி ஒருமுறை சொடுக்கியது. எங்களையே பார்த்தது. நான் ஒரு படம் எடுத்துவிட்டேன். பிறகு ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மறுபக்கத்தால் போய்விட்டது. மற்றொன்று புல்லில் தடக்கித் தடக்கிப் பின்னால் ஓடியது. மூன்றாவது அங்கேயே நின்று கத்தியது. கழுதைப்புலி திரிகிற இடம் அது. “நிப்பாட்டு, பின்னுக்கு எடு” என்று நான் தமிழில் கத்தினேன். அவருக்கு அது விளங்காவிட்டாலும் என் முகம் விளங்கியிருக்கும்.

பின்வாங்குவதற்குள் ரேஞ்சர்கள் வந்துவிட்டார்கள். அபராதம் எழுதினார்கள். அதற்கும் எங்களிடம்தான் காசு சேர்த்தார் சாரதி. அந்தத் தாய் திரும்பி வந்ததா என்று பார்க்க எங்களை நிற்க விடவில்லை.

கடைசி நாள் காலை தூரத்தில் வேறொரு வாகனம் பாதையிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றது. நாங்கள் மூன்று தடவை அதைக் கடந்து போய்வந்தோம், அது அசையவில்லை. நான்காம் தடவை பார்க்கிறோம், ஒரு கிழட்டு ஆண்சிங்கம் நடந்துவந்து அந்த வாகனத்தின் நிழலில் படுத்திருக்கிறது. உள்ளே இரண்டே பேர். சுண்டிக்குளத்துச் சேற்றில் நான் படித்த பாடத்தை அந்த வழிகாட்டி செய்துகாட்டிக்கொண்டிருந்தார். நாங்களோ தூசி கிளப்பிக்கொண்டு ஓடித்திரிந்தோம்.

ஊருக்கு வந்து பற்றுச்சீட்டுகளோடு அவரிடம் போனேன். “சிங்கம் பாத்தீங்கதானே அண்ணை” என்றார். இரண்டு நாள் காசைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா என்று முதலே கேட்காதது இன்னொரு பிழை. இப்போது கேட்டால் கதையை மாற்றுகிறார்.

காது படிந்த அந்தப் படம் நல்ல தெளிவாக வந்திருக்கிறது. கடையில் மாட்டவில்லை.

இந்த முறை காசு கட்டியவர்கள் மிச்சத்தைக் கட்ட முதல், எத்தனை நாள் நுழைவுச்சீட்டு, எந்தக் காப்பகம், எந்த வாகனம், வாகனத்தில் ஆளுக்கு ஒரு இருக்கை வரிசை உண்டா என்று நான்கையும் எழுதித் தரச்சொல்லுங்கள். எங்கள் தாளும் மாரா வாசல் பற்றுச்சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. கிளிநொச்சிக்கு வந்தால் கடைக்கு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.