5 ஹெச்பி போர் மோட்டார்: பிளேட்டை விடுங்கள், டிரம்மை வைத்துப் பாருங்கள்

கோவையில் செய்த 5 ஹெச்பி, 15 ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் 15 இம்பெல்லர் சக்கரங்கள் அடுக்காக), த்ரீ பேஸ் சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப். பல்லடம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் ஓட்டி எடுத்த கணக்கு இது.

120 மீட்டர் ஹெட்டுக்கு (தண்ணீரைத் தூக்கும் உயரம்) நிமிடத்துக்கு 96 லிட்டர் என்கிறது பிளேட், அதாவது மோட்டாரில் ஒட்டிய விவரத் தகடு. மோட்டார் தொங்குவது 500 அடியில்; ஓடும்போது தண்ணீர் நிற்பது 390 அடியில், அதாவது 119 மீட்டரில். தண்ணீரைத் தூக்கும் வேலை அந்த மட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. இன்னும் 50 அடி இறக்கினால் கரண்ட் எகிறும் என்பது வீண் பயம். பைப் உராய்வு கொஞ்சம் கூடும், அவ்வளவே.

200 லிட்டர் டிரம் 2 நிமிடம் 13 நொடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 90 லிட்டர், நொடிக்கு ஒன்றரை கிலோ. 1.5 × 9.8 × 119 போட்டால் சுமார் 1,750 வாட். மீட்டரில் மணிக்கு 5 யூனிட் ஏறியது, அதாவது 5,000 வாட். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது 35 சதவீதம். மீதி மோட்டார் சூட்டிலும் இம்பெல்லர் சுழலிலும் உராய்விலும் போனது. இந்த ரகத்துக்கு மோசமில்லை. 5 ஹெச்பி என்பது மோட்டாரின் சுழலும் தண்டில் கிடைக்கும் 3.7 கிலோவாட், முழுச் சுமையில் மீட்டரில் ஏறுவது அதைவிடக் கூடத்தான்.

கடைக்காரர் 7.5 ஹெச்பி எடுக்கச் சொல்வார். ஹெச்பி என்பது வேலை நடக்கும் வேகம்தான். ஊற்று அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காவிட்டால் மட்டம் இறங்கும், ஹெட் கூடும், லிட்டருக்கு யூனிட் அதிகமாகும். கடைசியில் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகும்.

டெலிவரி பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். உள்விட்டம் 35 மி.மீ.க்குப் பதில் 41 மி.மீ. போட்டால் உராய்வு இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

குறை பேனல் போர்டில். தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு இல்லை, தனியாக வாங்க வேண்டும். பிளேட்டில் அதிகபட்சம் 9.5 ஆம்பியர், ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலேயோ 12இல் வைத்து வந்தது. வோல்டேஜ் 415இலிருந்து 350க்கு விழுந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் 19 சதவீதம் ஏறும், காயில் சூடு 40 சதவீதம் கூடும். 12இல் இருக்கும் ரிலே அதற்கெல்லாம் அசையாது. ஸ்விட்ச் போடும் முன் ஸ்க்ரூ டிரைவரால் 9.5க்குத் திருப்பி வையுங்கள்.