தனிப் பாத்தியா, கூட்டுப் பயிரா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் குடியிருப்பின் பொது நிலத்தைக் குடும்பத்துக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக் கொள்வதா, ஒன்றாகப் பயிரிட்டு விளைச்சலைப் பங்கிடுவதா என்ற பேச்சு எழுந்தபோது, நான் கூட்டுப் பயிரையே ஆதரித்தேன். இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

தனிப் பாத்தியின் வசதி எல்லோரும் அறிந்ததே. வேண்டியதை விதைக்கலாம், நேரம் கிடைக்கும்போது களையெடுக்கலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டெருமைக்கான வேலியும் தண்ணீரும் எப்படியும் பொதுச் செலவுதான்.

ஆனால், எனக்கு முடிவைத் தீர்த்து வைத்தது பயிர் சுழற்சி. நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்ணிய புழு) இன்னும் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. வளராமல் மஞ்சளித்து நிற்கும் செடியை மெதுவாகத் தோண்டி எடுத்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் மணிகள் வேரில் ஒட்டியிருப்பதைக் காணலாம். அந்த மணிகள்தான் பெண் புழுக்கள். பெண் புழு இறந்தபின் அதன் உடலே பழுப்புக் கூடாக இறுகி, உள்ளிருக்கும் முட்டைகளைப் பல ஆண்டுகள் காக்கிறது. மறுபடி உருளைக்கிழங்கு நட்டால், வேரின் கசிவு பட்டு அவை பொரிக்கின்றன. தக்காளி, கத்தரி வேர்களிலும் இந்தப் புழு பெருகும் என்பதால் அவை மாற்றுப் பயிராகா. கிழங்கு எடுத்த இடத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்றுதான் மாற்றியாக வேண்டும்.

ஒரே ஒரு பாத்தி வைத்திருப்பவர் அத்தனை காலம் கிழங்கில்லாமல் இருக்க இசைவது அரிது. இசைந்தாலும், பக்கத்துப் பாத்தியில் புழங்கிய மண்வெட்டியும், மழையில் சரிவின் மேல் அடுக்கு நிலத்திலிருந்து வழியும் மண்ணும் அந்தக் கூடுகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கூட்டுப் பயிரிலோ நான்கு அடுக்குகளில் ஆண்டுக்கு ஒன்றில் மட்டும் கிழங்கு நட்டு, எல்லா வீட்டுக்கும் ஆண்டுதோறும் கிழங்கு கொடுக்க முடிகிறது. குஃப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்கள் துணை செய்யும் என்றாலும், அவற்றை நம்பிச் சுழற்சியை விட்டுவிடக் கூடாது.

பங்கீட்டைப் பொறுத்தவரை, கிழங்கையும் பூண்டையும் எடை போட்டுப் பிரிப்பது எளிது. பீன்ஸ் இரண்டு மூன்று நாளில் முற்றிவிடும் என்பதால், முறை வைத்துப் பறிப்பவரே எடுத்துக்கொள்வது நல்லது. எங்களுடையது சிறிய குழு. வீடுகள் பெருகினால் இந்த முறை தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

தனிப் பாத்தி இருந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, வேலியோரத்தில் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் இடம் ஒதுக்கலாம்; அங்கே தக்காளியும் கத்தரியும் மட்டும் வேண்டாம்.