‘நோ-நோ பாய்’ வாங்கலாமா? ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி

‘நோ-நோ பாய்’ நாவலை வாங்கலாமா என்பதற்கு முன், முதலில் அதை அனுப்பிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் பணம் கட்டிப் பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது. கூரியர்காரர் ஒண்டிக்கடையோடு நின்றுகொள்வார், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு ஏற மாட்டார். காப்பிப் பழம் எடுக்கும் நேரம், ஆபீசில் கணக்கு எழுத நான் ஒருத்திதான். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன். வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். முன்னட்டையின் கீழ்முனை மடங்கி, ஈரம் ஏறி உப்பியிருந்தது. தபால் செலவோடு ஆயிரத்தைத் தாண்டிய புத்தகத்துக்கு ஓர் அட்டையாவது வைத்துக் கட்டியிருக்கலாம். புத்தகத்தில் குறை இல்லை: எழுத்து கண்ணை உறுத்தவில்லை, மூன்று முறை விரித்துப் படித்தும் தையல் விடவில்லை.

ஜான் ஒகாடா எழுதிய ஒரே நாவல் இது. 1957-ல் வந்தது. அவர் 1923-ல் சியாட்டிலில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையில் வேலை பார்த்தவர். ஆனால் அவர் எழுதியது படைக்குப் போனவனைப் பற்றி அல்ல, போக மாட்டேன் என்றவனைப் பற்றி.

பின்னணி தெரியாமல் படித்தால் முதல் ஐம்பது பக்கம் குழப்பும். ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் ஆணையால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு கடையோடு பெயர்த்தெடுத்து முகாம்களில் அடைத்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அந்த மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். அடைத்துவைத்த பிறகு, 1943-ல், ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். 27-ஆவது கேள்வி: உத்தரவிட்ட இடத்துக்குப் போய் அமெரிக்கப் படையில் போரிடச் சம்மதமா? 28-ஆவது: அமெரிக்காவுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பேன், ஜப்பான் சக்கரவர்த்திக்கு இருந்த விசுவாசத்தைக் கைவிடுகிறேன் என்று உறுதி சொல்கிறாயா? இரண்டுக்கும் ‘நோ’ என்றவர்கள்தான் ‘நோ-நோ பாய்’கள்.

இந்த 28-ஆவது கேள்வியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு என்றைக்குமே இல்லாத விசுவாசத்தை எப்படிக் கைவிடுவது? ஜப்பானிலிருந்து வந்த பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை வாங்க 1952 வரை சட்டமே இடம் தரவில்லை. அவர்கள் ‘ஆம்’ என்று எழுதினால் ஜப்பானும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. நாடற்றவர்கள்.

அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சொல். என் தாத்தா இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவரை அந்த நாட்டுக்காரர் இல்லை என்றது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. தாத்தா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். அவருடைய அண்ணன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணனும் தம்பியும் அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து ஏற்காட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒன்பது வயது. அங்கே திருட்டுத்தனமாக வந்த கள்ளத்தோணி என்ற ஏச்சு, இங்கே பள்ளிக்கூடத்தில் சிலோன்காரன்.

இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க முகாம்காரர்களைச் சுற்றி முள்கம்பி இருந்தது, காவல் கோபுரம் இருந்தது. ஆனால் ஒரு படிவம் ஒரு குடும்பத்தை எப்படிப் பிளக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒகாடாவுக்கும் தெரிந்திருக்கிறது.

கதை போர் முடிந்த பிறகு தொடங்குகிறது. இரண்டு வருடம் முகாம், படைக்குப் போக மறுத்ததற்காக இரண்டு வருடம் சிறை எல்லாம் முடிந்து கதாநாயகன் இச்சிரோ சியாட்டிலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். முதலில் எதிர்ப்படுவது பழைய சிநேகிதன், படையிலிருந்து திரும்பியவன். இச்சிரோ சிறையிலிருந்து வருகிறான் என்று தெரிந்ததும் துப்புகிறான். துப்பியவன் வெள்ளைக்காரன் இல்லை, தன் இனத்தான். என்னை உலுக்கியது இதுதான். அநீதி செய்தவன் தள்ளி நிற்கிறான், பட்டவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள்.

இச்சிரோவின் அம்மா சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறாள். போரில் ஜப்பான் ஜெயித்துவிட்டது, கப்பல் வரும், ஊருக்குப் போய்விடலாம் என்று நம்புகிறாள். அங்கிருந்து பட்டினி என்று வரும் கடிதங்களெல்லாம் பொய்ப் பிரசாரம் அவளுக்கு. கடைசியில் ஊரிலிருக்கும் அவள் உடன்பிறந்தவளின் கடிதத்தில், அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பழைய சம்பவம் ஒன்று வருகிறது. அதற்குப் பிறகு அவளால் நம்பாமல் இருக்க முடியவில்லை. கடையில் பால் டின்களை அடுக்கி, கலைத்து, திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கும் காட்சியை ஒகாடா அவசரமில்லாமல் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கங்களுக்காகவே வாங்கலாம்.

படையில் ஒரு காலை இழந்து, வெட்டியது போக மிஞ்சிய துண்டும் அழுகிக்கொண்டிருக்கும் கென்ஜி இன்னொருவன். யாருடைய நிலை மேல் என்று அவனும் இச்சிரோவும் பேசிக்கொள்ளும் இடம் நெடுநாள் மனதில் நிற்கும்.

குறைகளும் உண்டு. இச்சிரோவின் யோசனைகள் சில இடத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு மூச்சு விடாமல் ஓடுகின்றன. எமி என்ற பெண் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள், அவளுடைய வேதனைக்குள் ஆசிரியர் போகவில்லை. வரலாறு படித்தவர்களுக்கு இன்னொன்றும் உறுத்தும்: இரு கேள்விக்கும் ‘இல்லை’ என்றவர்களைத் துலே லேக் முகாமுக்குப் பிரித்து அனுப்பினார்கள், ராணுவ அழைப்பை மறுத்தவர்களைத்தான் சிறையில் போட்டார்கள். இச்சிரோ இரண்டாம் வகை, தலைப்போ முதல் வகையைச் சொல்கிறது.

எந்தப் பதிப்பு என்பதில் கவனம் வேண்டும். முதலில் அச்சிட்ட 1,500 பிரதிகள்கூட ஒகாடா 1971-ல் சாகும்வரை விற்றுத் தீரவில்லை. அவருடைய சமூகமே இந்தக் கதையைக் கேட்க விரும்பவில்லை. அவர் இரண்டாவதாக எழுதிக்கொண்டிருந்த நாவலை, பல்கலைக்கழகம் ஒன்று வாங்கி வைக்க மறுத்ததால், மனைவி எரித்துவிட்டார். பின்னுரையில் ஃபிராங்க் சின் இதைச் சொல்கிறார், படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 1976-ல் சின், ஷான் வாங், லாசன் இனாடா போன்ற இளம் எழுத்தாளர்கள் தங்கள் முயற்சியில் மறுபதிப்புக் கொண்டுவந்தார்கள். 1979 முதல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடுகிறது. 2019-ல் பெங்குவின் பதிப்பு வந்தபோது, உரிமை ஒகாடா குடும்பத்துக்கு உண்டு என்று ஷான் வாங் எதிர்த்தார். நான் வாங்கியது பல்கலைக்கழகப் பதிப்பு. நீங்களும் அதையே வாங்குங்கள்.

இதோடு ஜாய் கோகாவா எழுதிய ‘ஒபாசான்’ (1981) வாங்கினேன். கனடாவில் இதேபோல் நடந்தது, அங்கே ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரைப் பெயர்த்தெடுத்தார்கள். போர் முடிந்தும் 1949 வரை கடற்கரைப் பக்கம் திரும்ப விடவில்லை. மொழி அதில் இன்னும் நுட்பம், ஆனால் மௌனம் கனத்த புத்தகம், மெதுவாகத்தான் போகும். முதலில் ஒகாடாவைப் படியுங்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. களத்தில் காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் மூடிவிட்டு வந்து அடுப்போரம் உட்கார்ந்ததும், நான் தினம் கொஞ்சம் தமிழில் சொல்கிறேன். பால் டின் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அப்பாயி சாகும்வரை ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டிலடியில் வைத்திருந்ததாம். உள்ளே கொழுந்துக் கூடையின் தலைக்கயிறும் இரண்டு சேலையும். ஹட்டனுக்குத் திரும்பும்போது வேண்டும் என்று.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதில்ல? அந்தக் கேள்விய யாராச்சும் அவங்க பாஷையில படிச்சுக் காட்டுனாங்களா?” தாத்தாவின் விண்ணப்பத்தைக் கணக்கப்பிள்ளைதான் ஆங்கிலத்தில் எழுதினார், தாத்தா ரேகை வைத்தார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பப் புரட்டிப் பார்த்தேன், நாவலில் அதற்குப் பதில் இல்லை. இன்னும் நாலு அத்தியாயம் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், பொங்கலுக்குள் முடியும். அதன் பிறகு சேலத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், இறங்கி வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.