கிம்பல் எதைத் திருத்தும், எதைத் திருத்தாது: செட்டிநாட்டில் டிரோனுடன் சில ஆண்டுகள்

மூன்று அச்சு கிம்பல் (கேமராவைத் தாங்கி, மோட்டார்களால் நேராக வைத்திருக்கும் அமைப்பு) கொண்ட 249 கிராம் டிரோன் ஒன்றைக் காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இவ்வளவு நாள் பழகியதில் உறுதியாகத் தெரிந்தது, கிம்பல் சாய்வைத்தான் திருத்தும், இடம் நகர்வதைத் திருத்தாது என்பதே.

ஆடிக் காற்றை எதிர்த்து டிரோன் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றாலும், கைரோ சென்சார் அதை உணர்ந்த கணமே மோட்டார்கள் கேமராவை எதிர்ப்புறம் திருப்பிவிடுவதால் படம் நேராகவே இருக்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளின் நீண்ட ஓட்டு விளிம்பு இதற்கு நல்ல ரசமட்டம். வீட்டை வேகமாகச் சுற்றிப் பறந்தால் மட்டும், மையம் நோக்கிய முடுக்கம் சென்சாரின் புவியீர்ப்புக் கணக்கைக் குழப்பி, அந்த விளிம்பு லேசாகச் சரிந்து சில நொடிகளில் நிமிரும். மெதுவாகச் சுற்றுவதே இதற்கு வழி.

நகர்வு வேறு கதை. அறுபது மீட்டர் உயரத்தில் அது கண்ணுக்கே படாது. முகப்பின் உச்சியிலுள்ள சுதைக் கஜலட்சுமியை ஐந்து மீட்டரில் எடுக்கும்போதோ, காற்றில் டிரோன் ஒரு சாண் நகர்ந்தாலே சிற்பம் பின்னணிக் கூரையின் மீது வழுக்கிச் செல்வதுபோல் தெரியும். அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் வெவ்வேறு அளவில் இடம் மாறுவதால் எடிட்டிங்கிலும் இதை முழுமையாக மறைக்க முடியாது. ஊருணியின் மேல் தாழப் பறந்தால் தொல்லை இன்னும் கூடுகிறது: அடிப்புறக் கேமரா அலையைத் தரையென்று எண்ணிப் பின்தொடரப் பார்க்கும். சற்று உயர்த்திவிட்டால் அடங்கிவிடுகிறது. வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள், டிரோனை இறக்கும் ஆசை பலருக்கும் உண்டு. நாற்புறச் சுவரும் தாழ்வாரமும் செயற்கைக்கோள் சிக்னலை மறைக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கிம்பலைத் தவிர, மென்பொருளால் ஆட்டத்தைக் குறைக்கும் எலெக்ட்ரானிக் முறையும் உண்டு; அது படத்தின் ஓரங்களை வெட்டித்தான் ஆட்டத்தைக் குறைக்கிறது. அதைவிட, கோயில் திருவிழா மாலைகளில் ஷட்டர் நேரம் நீளும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிந்துவிட்ட மங்கலை அதனால் நீக்க முடியாது. படம் ஆடாது, ஆனால் விட்டுவிட்டுக் குழையும். அந்நேரங்களில் அதை அணைத்துவிட்டு, நொடிக்கு 25 ஃபிரேமில் 1/50 நொடி ஷட்டரையும் கிம்பலையும் நம்புகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சீரியல் விளக்குகளின் மினுக்கலும் இதில் பெரும்பாலும் தென்படுவதில்லை. பகல் வெயிலில் அதே ஷட்டருக்கு ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் கட்டாயம்.

படம் அல்வாபோல் நெளிந்தால் கிம்பலைச் சந்தேகிக்கும் முன் இறக்கையின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கவும். அங்குள்ள சிறு வெட்டின் அதிர்வுதான், படத்தை வரிவரியாகப் பதியும் ரோலிங் ஷட்டரில் நெளிவாகப் பதிகிறது. இறக்கையை மாற்றியும் போகாவிட்டால் கிம்பலைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கிறதா என்று பார்க்கலாம்.